தகட்டில் ஒரு கோழி

பதினைந்து வயதில் நான் எங்கள் ஊருக்குச் சூனியக்காரி. பெருமைக்குச் சொல்லவில்லை, பட்டம் அப்படித்தான் இருந்தது. முகத்துக்கு நேரே "மைக்காரப் புள்ள" என்பார்கள். நான் நாலு எட்டு தாண்டிப் போனதும் மற்றப் பெயர். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயிலிருந்து தண்ணீர் பாயும் ஊர்களில் எங்களுடையது கடைசி ஊர். தண்ணீர் எங்களுக்கு வந்து சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் ஆடு காணோம், கம்மல் தொலைந்தது, மருமகள் மருந்து வைத்துவிட்டாள் என்று ஆட்கள் மட்டும் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களின் ஆடு அப்போதும் காணாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

என் அய்யா மை போட்டுப் பார்க்கிறவர். எரித்த துணிக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வைத்திருப்பார். அதை ஒரு வெற்றிலையின் நடுவில் வட்டமாகத் தடவி என் கையில் கொடுப்பார். பக்கத்தில் விளக்கு எரியும். நான் கண்ணைச் சிமிட்டாமல் அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்க்க வேண்டும். முதலில் ஒருத்தி வந்து கூட்டுவாளாம். பிறகு ஒருவன் தண்ணீர் தெளிப்பானாம். இன்னொருவன் நாற்காலி கொண்டுவந்து போட, அனுமார் வந்து உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வாராம். இது எல்லோருக்கும் தெரியாது. கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நான் அப்படிக் காலால் பிறந்தவள் என்பது ஊரறிந்த விஷயம்.

காலால் பிறந்ததற்கு இன்னொரு வேலையும் உண்டு. சுளுக்கு மிதிப்பது. இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் வாசலில் குப்புறப் படுப்பார்கள், நான் மேலே ஏறி மிதிக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் முதுகை நான் மிதித்திருக்கிறேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்த வாத்தியாரே ஒருநாள் வந்து படுத்தார். கொஞ்சம் அழுத்தியே மிதித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மையில் எனக்கு ஒரு மண்ணும் தெரிந்ததில்லை. உற்றுப் பார்த்தால் என் மூக்கு தெரியும், அவ்வளவுதான். பத்து வயதில் முதல் தடவை உட்கார்ந்தபோது, "கூட்டுறவ வந்துட்டாளா தாயி?" என்று அய்யா கேட்டார். சுற்றிப் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வரவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வந்துட்டா, பச்சைச் சேலை கட்டியிருக்கா" என்றேன். அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு நான் வேறு வழி பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகிற வழியில், மேய்க்கிற பிள்ளைகளிடம், கிணற்றடியில் என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டி வைத்துக்கொள்வேன். எந்த வரப்பில் யார் ஆடு நின்றது, யார் வீட்டில் புதிதாகக் குழம்பு மணத்தது, எல்லாம் எனக்குத் தெரியும். அனுமாருக்கு அதில் பங்கில்லை.

ஆனால் குற்றம் என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன். காலால் பிறந்தும் கண் தெரியாத ஒரு கோளாறுப் பிறவி நான், அய்யாவுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோவார் என்று பயந்தேன். அவரை ஏமாற்றுகிறோமே என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளையாரிடம் மூன்று தோப்புக்கரணம் கூடுதலாகப் போடுவேன்.

அய்யாவுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. செய்வினை எடுப்பது. ஒரு வீட்டில் மாடு செத்தது, பிள்ளைக்கு மாறி மாறிக் காய்ச்சல் என்றால் யாரோ மந்திரித்த தகட்டைப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அய்யா போய், வேப்பிலையோடு வீட்டைச் சுற்றி வந்து, ஓர் இடத்தில் நின்று, "இங்கன தோண்டுங்க" என்பார். செம்புத் தகடு கிடைக்கும். அதை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து தேவிபட்டினம் கடலில் போட்டுவிட்டு வருவார். வீட்டுக்காரர்கள் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். தன்னால் ஆகாத கேஸ் என்றால் ஏர்வாடி தர்காவுக்குப் போகச் சொல்லிவிடுவார். அவரிடம் ஒரு கறாரான வழக்கம் இருந்தது: தகட்டை எடுப்பாரே தவிர, வைத்தது யார் என்று சொல்லவே மாட்டார். "எடுக்குறதோட என் வேலை முடிஞ்சுச்சு. பேரச் சொன்னா ஊரு ரெண்டாப் போகும்" என்பார். எனக்கு அது ரொம்பப் பெருந்தன்மையாகத் தோன்றும்.

இந்தப் பெருமையெல்லாம் ஒரே ஆளிடம் செல்லாது. ஊர் மருத்துவச்சியிடம். ஊரில் எங்கள் வயசுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வெளியே எடுத்துப் போட்டவள் அவள்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தெருக்கடைசியில் ஓர் ஓலைக் குடிசை. வெற்றிலைச் சிவப்பில் வாய் எப்போதும் சிரித்தபடி இருக்கும். நான் யார் முதுகிலாவது ஏறி நிற்கும்போது அந்தப் பக்கம் வந்துவிட்டால் போச்சு. "மிதி தாயி, மிதி. காலு எம்புட்டு ராசியான காலு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அய்யா உடனே வீட்டுக்குள் போய்விடுவார். ஏன் போகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பெரிய வீட்டு அம்பலம்தான் எங்கள் ஊருக்குத் தலைவர். அய்யா விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுத நிலமும் அவருடையது. அவருடைய மருமகளுக்கு இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இரண்டாவது பிள்ளையைப் புதைத்த பத்தாம் நாள் அம்பலம் அய்யாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தகடு எடுக்கிற இடத்துக்கு நான் அதற்கு முன்னால் போனதில்லை, அன்றைக்கு மை பார்க்க வேண்டியிருக்கும் என்று பின்னாலேயே போனேன். அந்த மருமகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அய்யா வேப்பிலையோடு இரண்டு சுற்று சுற்றினார். தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றார். தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் தகடு வந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி அம்பலத்தின் கையில் கொடுத்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

ஒரு முக்கோணம். மூன்று முனையிலும் மூன்று எழுத்து. ஓரத்தில் ஒரு கோழி.

அந்தக் கோழி என்னுடையது.

எனக்குக் கை சும்மா இருக்காது. நோட்டில், சிலேட்டில், சுவரில், எங்கே இடம் கிடைத்தாலும் ஓரத்தில் ஒரு கோழி போட்டுவிடுவேன். முக்கோணமோ எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. மூன்று கோணத்தையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் என்று வாத்தியார் தொண்டை கிழியக் கத்திய அதே முக்கோணம். அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பழைய செம்புக் குடத்தை வெட்டித் தகடு செய்து வைத்துக்கொண்டு, "ஏதாச்சும் கட்டம் போட்டுக் குடு தாயி, மாட்டுக் கழுத்துல கட்டணும்" என்பார். காப்புத் தகடு என்றுதான் நான் ஆணியால் கீறிக் கொடுப்பேன். கட்டம் கட்டமாகப் போட்டு அலுத்துப்போய், பிறகு புத்தகத்தைப் பார்த்துப் போட ஆரம்பித்திருந்தேன்.

"இது என்னப்பா, பறவை மாதிரி?" என்று அம்பலம் கேட்டார்.

"பட்சிங்கய்யா" என்றார் அய்யா, குரலைத் தாழ்த்தி. "பொல்லாத பட்சி. கருவக் கொத்திக் குடிக்கும்."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அடக்கிக்கொண்டு நிமிர்ந்தால், கதவுக்குப் பின்னால் அந்த மருமகள் தன் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். என் கோழியைப் பார்த்துத்தான். அதோடு சிரிப்பு போய்விட்டது.

அய்யா வழக்கம்போல் தகட்டை மஞ்சள் துணியில் முடியப் போனார். அம்பலம் விடவில்லை.

"யாரு வச்சா?"

"அதச் சொல்றது வழக்கமில்லீங்க."

"உன் வழக்கத்த உன் வீட்டுல வச்சுக்க. ரெண்டு தொப்புள்கொடியையும் அந்த மருத்துவச்சிதான பொதச்சா? அதக் கொண்டுபோயித்தான வினை வச்சிருக்கா? வெள்ளிக்கெழம பிள்ளையார் கோயில் முன்னால உன் மகள மை பாக்கச் சொல்லு. அவ பேரு வந்துச்சுன்னா அன்னிக்கே குடிசையப் பிரிச்சுப் போட்டு ஊர விட்டு வெரட்டிருவேன். வரலைன்னா உன்னையப் பாத்துக்கிறேன்."

அய்யா தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டியிருக்கலாம். ஆமாம் என்றுதான் ஆட்டினார்.

மறுநாள் மத்தியானம் ஆத்தா கண்மாயில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, தகட்டில் நான் பார்த்ததைச் சொன்னேன். ஆத்தா துவைப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு நா முன்னாடியே போயிப் பொதச்சுட்டு வருவாரு. அதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? எடுத்தா அவுகளுக்கு மனசு லேசாகுதுல்ல" என்றாள்.

"இப்ப மருத்துவச்சி அத்தைய வெரட்டப் போறாகளே?"

"அதுக்கு உங்க அய்யா என்னடி செய்வாரு? நெலத்தப் புடுங்கிட்டா சோத்துக்கு எங்கன போறது?" அடுத்த துணியை எடுத்தவள் கையை நிறுத்தினாள். "அவளும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்ல. பாக்குற எடத்துலயெல்லாம் சிரிக்கிறா. என்னைக்காச்சும் சொல்லிப்புடுவாளோன்னு மனுசன் தெனம் செத்துப் பொழைக்கிறாரு."

"என்னத்தச் சொல்லிப்புடுவா?"

ஆத்தா என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீ காலால எல்லாம் பொறக்கலடி. எல்லாப் பிள்ளையும் மாதிரி தலையாலதான் வந்த. அதுவும் சின்னத் தலையா? என் உசிரு போயி உசிரு வந்துச்சு."

கதை இதுதான். எனக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு கல்யாண வீட்டில், படுத்துக் கிடந்த மாமா ஒருவரின் இடுப்பில் ஏறி ஓடினேனாம். அவருக்கு ஒரு மாசமாக இருந்த பிடிப்பு அதோடு விட்டுப்போயிற்றாம். "காலால பொறந்த புள்ளையோ?" என்று யாரோ கேட்க, அய்யா விளையாட்டுக்கு ஆமாம் என்று சொல்லி வைத்தார். மறுநாள் காலையில் வாசலில் மூன்று பேர் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். அவ்வளவுதான், நான் காலால் பிறந்துவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஐந்து வருஷம் நான் போட்ட தோப்புக்கரணம் எத்தனை. அவரை நான் ஏமாற்றுகிறேன் என்று அழுதிருக்கிறேன், அவர் என்னை வைத்து ஊரையே ஏமாற்றியிருக்கிறார். ஆனாலும் அதைவிட அந்தக் குடிசைதான் மனசில் நின்றது. என் கோழியைக் காட்டி அவளைத் துரத்தப் போகிறார்கள். பேரைச் சொல்லப்போவதும் என் வாய்.

வியாழக்கிழமை அய்யா எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். "நேராப் பேரச் சொல்லாத. நரச்ச முடி தெரியுதுன்னு சொல்லு. இடுப்புல சுருக்குப்பை. வாயி செவந்திருக்குன்னு சொல்லு. போதும்." என் முகத்தைப் பார்க்காமல் விளக்குத் திரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பிடிக்காததைச் செய்கிறவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் இரக்கம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் முன்னால் ஊரே கூடிவிட்டது. மருத்துவச்சி தனியாக, வேப்பமரத்தடியில் நின்றாள். அன்றைக்கு அவள் வெற்றிலை போட்டிருக்கவில்லை. அம்பலத்து ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு தயாராக நின்றார்கள், குடிசையைப் பிரிக்க. நான் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து வெற்றிலையை வாங்கினேன். மை என் கட்டைவிரலெல்லாம் அப்பிக்கொண்டது.

"கூட்டுறவ வந்துட்டாளா?"

"வந்துட்டா."

"நாக்காலி போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"தகடு வச்சது யாருன்னு கேளு தாயி."

நான் என் மூக்கைப் பார்த்தேன். மூக்கின் மேல் வேர்த்திருந்தது. "தெரியுது" என்றேன். "ஆம்பளை ஆளு. பெரிய வீட்டுத் தொழுவத்துல குனிஞ்சு குழி தோண்டுறாரு. செம்புத் தகடு. பெத்த மக கீறிக் குடுத்த தகடு." வெற்றிலையை விளக்குக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். "எங்க அய்யா தெரியிறாரு."

அய்யாவுக்கு ஒரு நிமிஷம் காதில் விழாதது மாதிரி இருந்தது. பிறகு சிரிக்கப் பார்த்தார். அம்பலம் எழுந்து நின்றதைக் கண்டதும் சிரிப்பு செத்துப்போய், வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டார்.

"இவளுக்கு மையில எதுவும் தெரியாதுங்கய்யா. இவ காலாலயே பொறக்கல. தலையாலதான் பொறந்தா. நான்தான் சும்மா சொல்லி வச்சேன்."

பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியத்தை அவரே ஊர் நடுவில் போட்டு உடைத்தார். எனக்கு ஐயோ பாவம் என்று இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

அம்பலம் மருத்துவச்சியின் பக்கம் திரும்பினார். "இவளப் பொறக்க வச்சது நீதான? காலா, தலையா? சூடத்த அடிச்சுச் சொல்லு."

எங்கள் ஊரில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. பிள்ளையார் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். பொய்ச் சத்தியம் செய்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. தலை என்று உண்மையைச் சொன்னால் என் வாக்கு செல்லாது, பழி மறுபடி அவள் தலையில்தான் விழும். அவள் என்னைப் பார்த்தாள். நடந்து போய்ச் சூடத்தை அடித்தாள்.

"காலுதான்ய்யா. இந்தக் கையாலதான் ரெண்டு காலையும் புடிச்சு எடுத்தேன்."

பிறகு நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். அய்யாவை அடிக்க வேண்டாம், அவர் புதைத்ததையெல்லாம் அவரே தோண்டி எடுக்கட்டும் என்று ஊர் முடிவு செய்தது. எடுத்தது போக, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நிறைய வீட்டில் முன்கூட்டியே புதைத்து வைத்திருந்தார் மனுஷர். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். பின்னால் ஊர் முழுக்க. "இங்கன ஒரு முழம் தள்ளி" என்று அவர் சொல்லி வெட்ட வெட்ட, கோழி கோழியாக வந்தது. வட்டத்துக்குள் கோழி, சதுரத்துக்குள் கோழி, இணைகோட்டின் மேல் நடந்து போகிற கோழி. ஒரு வீட்டில் மட்டும் எவ்வளவு தோண்டியும் கிடைக்கவில்லை. எல்லார் வீட்டிலும் வைத்தவன் எங்கள் வீட்டில் ஏன் வைக்கவில்லை என்று அந்த வீட்டம்மா சண்டைக்கு வந்துவிட்டாள்.

என் பெயர் அன்றோடு தொண்டி வரைக்கும் போய்விட்டது. பெற்ற அப்பனையே மையில் கண்டு சொன்னவள். அதற்கு முன்னால் விளையாட்டாகச் சூனியக்காரி என்றவர்கள் இப்போது அந்த வார்த்தையைச் சொல்வதேயில்லை. நான் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மருத்துவச்சியின் குடிசைக்குப் போனேன். உள்ளங்கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சூடம் பட்ட இடம் பொரிந்திருந்தது.

"ஏன் அத்தே பொய் சொன்னீங்க?"

"போக்கிடம் இல்ல தாயி. என் வீட்டக் காப்பாத்திக்கிட்டேன், ஒன்னைய மாட்டி விட்டுட்டேன்" என்றாள். சிரிப்பவள் அன்றைக்கு அழுதாள். "நீ வெளிய சொல்லிட்டன்னா நான் பொய்ச் சத்தியக்காரி. சொல்லணும்னா சொல்லு. நான் ஒன்னைய நெனச்சுக் கோவப்பட மாட்டேன்."

நான் சொல்லவில்லை. மூன்று வருஷம் சொல்லவில்லை. அம்பலம் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். அய்யா திருப்பாலைக்குடிப் பக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் வருவார். என்னோடு பேச்சு கிடையாது. "மைக்காரம்மாவுக்குக் கை ஒழிஞ்சா கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லு" என்பார் ஆத்தாவிடம், நான் பக்கத்தில்தான் நிற்பேன். நானும் "கேக்குறவுகளுக்கு வாயி இருந்தா நேராக் கேக்கச் சொல்லு" என்பேன். ஆத்தா இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே தண்ணீர் மொண்டு வைப்பாள்.

எனக்குப் பதினெட்டு ஆனபோது உப்பளத்தில் அய்யாவோடு வேலை பார்த்த ஒருவரைப் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்தாள். பலகாரத் தட்டை வைத்துவிட்டு நிமிரும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெத்த அப்பனையே மையில பாத்தவன்னு பஸ்ஸுல வரும்போது சொல்றாகளே, நெசமா? நீ காலால பொறந்தவளா?"

ஆத்தா கண்ணால் கெஞ்சினாள். இல்லை என்ற ஒரு சொல் போதும். ஆனால் இந்த வீட்டில் சொன்ன சொல் பொழுது சாய்வதற்குள் அம்பலத்தின் காதுக்குப் போய்விடும்.

"நெசந்தான்" என்றேன்.

அந்த அம்மா பலகாரத்தைத் தொடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். அவள் போனதும் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அய்யா என்னிடம் நேராகப் பேசினார்.

"தலையாலதான் பொறந்தேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னா அத்தை எங்கன போகும்?"

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார். வெளியே போய்விட்டார்.

ஆத்தாவால் வாயை அடக்க முடியாது. போய் மருத்துவச்சியிடம் அழுதிருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் குடிசை பூட்டிக் கிடந்தது. முதல் பஸ்ஸில் ஏறிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் திரும்பி வந்து இறங்கினாள். கூடவே மாப்பிள்ளையின் அம்மாவும் இறங்கினாள். எங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று பார்த்தால், மருத்துவச்சி நேராகப் பெரிய வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். நாங்கள் ஓடினோம். ஊரும் வந்துவிட்டது.

"அந்தப் புள்ள தலையாலதான் பொறந்துச்சு" என்றாள் மருத்துவச்சி, அம்பலத்தைப் பார்த்து. "நான்தான் சூடத்த அடிச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணுனேன். என் குடிசைக்காக ஒரு புள்ள கல்யாணம் காச்சி இல்லாம நிக்கக் கூடாது. இந்தம்மாட்டயும் சொல்லிட்டேன், இப்ப உங்ககிட்டயும் சொல்லிட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க."

அம்பலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "கோயில் முன்னால பொய்ச் சத்தியம் பண்ணுனவ" என்றார், ஊரைப் பார்த்து. "அன்னிக்கே எனக்குத் தெரியும். ஏலே, கடப்பாரைய எடுங்கடா."

அய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "பொய்யி என்னோடதுங்கய்யா. என் வீட்டப் பிரிங்க" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்பலம் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடப்பாரை எடுக்கப் போனவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்போது பெரிய வீட்டுக் கதவு திறந்தது. மருமகள் வாசலுக்கு வந்தாள். அத்தனை வருஷத்தில் நாங்கள் அவள் குரலைக் கேட்டது கிடையாது.

"மாமா" என்றாள். "ரெண்டு புள்ளையும் எனக்குத்தான் செத்துச்சு. என்ன ஆச்சுன்னு இந்த ஊருல எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. ரெண்டு தடவையும் பத்து நா எங்கூடத் தரையில படுத்துக் கெடந்தது இவுக மட்டுந்தான்." அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. "எனக்கு இப்ப நாலு மாசம். இவுக ஊர விட்டுப் போனா நானும் இவுக கூடப் போயிருவேன்."

அவள் மருத்துவச்சியின் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, உள்ள வாங்க. புள்ள எப்படி இருக்குன்னு கை வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

மருத்துவச்சி பழக்கத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள். அவள் அந்த வீட்டுக்குள் போனதெல்லாம் அந்த வழியாகத்தான்.

"அங்கன இல்ல அத்தே. இப்படி வாங்க" என்றாள் மருமகள், முன்வாசலில் நின்றுகொண்டு.

அம்பலம் வாசலை மறித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒதுங்கினார். மருத்துவச்சி படியேறி உள்ளே போனாள்.